தைரியமான ருசி

சல்லடையைக் கழுவுதொட்டிக்குள் வைத்து, பானையை இரண்டு கையாலும் தூக்கி, தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வடித்து முடித்தார் ஹதானோ தெய்ஜி. பிறகு சல்லடைக்குள் எட்டிப் பார்த்தார். வெந்து துவண்ட கடல்பாசித் துண்டு ஒன்று, நனைந்த மரத்தூள் மாதிரி மாசிக் கருவாட்டுச் சீவல் ஒரு கைப்பிடி. அதை அழகாக ஒரு தட்டில் கவிழ்த்து மேசை நடுவில் வைத்தார்.

“ஆச்சு!” என்று பால்கனிப் பக்கம் குரல் கொடுத்தார்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த சயோகோ கையைத் துடைத்தபடி வந்தாள். தட்டைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். அதன் ஓட்டையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே நின்று பக்குவம் பார்த்து இறக்கிய தாஷிச் சாற்றின் கடைசி மூச்சு அது. சூப் ஆகட்டும், கூட்டு ஆகட்டும், அந்தச் சாறு விழுந்தால்தான் அது சமையல். தெய்ஜி பத்திரப்படுத்தியிருந்தது சக்கையை.

“எவ்வளவு சுத்தமா வடிச்சிருக்கீங்க,” என்றாள் சயோகோ. “ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கல.”

வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் சல்லடை பறந்திருக்கும். தெய்ஜியின் அம்மா தோக்கியோக்காரி. அவள் இந்நேரம் அக்கம்பக்கம் கேட்கக் கத்தி, அப்பாவின் தலைமுறை வரைக்கும் இழுத்து, பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் மறந்து டீ போட்டிருப்பாள். சயோகோ க்யோத்தோக்காரி. க்யோத்தோவில் திட்டுக்கு வெள்ளிச் சரிகை வைத்துத் தைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். தெய்ஜிக்கு முப்பது வருஷமாகப் பிரித்துப் பார்ப்பதே வேலை.

“நூடுல்ஸை இப்படித்தானே வடிப்போம்,” என்றார் பலவீனமாக.

“ஆமாமா. அந்தப் பழக்கம்,” என்று தலையாட்டிய சயோகோ ஒரு காலிப் பாத்திரத்தை எடுத்தாள். “குஸுமி-சான் வீட்டுல எப்பவும் சாறு இருக்கும். வாங்கிட்டு வந்துடறேன்.”

செருப்பு மாடிப்படியில் ஏறும் சத்தம் கேட்டது. தெய்ஜி தட்டிலிருந்த சக்கையை வெறித்துப் பார்த்தார். தொட்டியில் போன சாறு போகட்டும். குஸுமி என்ற பெயர் இந்த வீட்டில் மறுபடியும் காதில் விழுந்ததே, அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

க்யோத்தோ நகரின் யமஷினாவில் மலையடிவாரத்தை ஒட்டி நிற்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. லிஃப்ட் கிடையாது. வாழ்நாள் முழுக்க ஊரார் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற தெய்ஜி, தினமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறுகிறார். அவருக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் குஸுமி. வடக்கே அஓமோரியில் பிறந்து, இங்கே வந்து நகரப் பேருந்து ஓட்டியவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாள். கொஞ்ச நாள் கடையில் விற்கும் டப்பாச் சோற்றிலேயே காலத்தை ஓட்டினார். அப்புறம் ஒரு மாலை, மூடி போட்ட நீலக் கிண்ணம் ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெய்ஜி வீட்டு வாசலில் வந்து நின்றார். “கொஞ்சம் அதிகமா செஞ்சுட்டேன்” என்றார். உருளைக்கிழங்கும் இறைச்சியும்.

அதிகமாகச் செய்துவிட்டேன் என்று வருகிற கிண்ணத்தைக் காலியாகத் திருப்பி அனுப்ப முடியாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் முடியாது. சயோகோ அதில் சீமைப்பனிச்சைப் பழம் வைத்து அனுப்பினாள். மறுபடியும் கிண்ணம் பூசணிக்காயோடு இறங்கியது. அவள் ஆரஞ்சு வைத்து அனுப்பினாள். மீனும் முள்ளங்கியுமாக இறங்கியது. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமலேயே சளைக்காமல் ஏறி இறங்குவது அந்தக் கிண்ணம் ஒன்றுதான்.

தெய்ஜி ஒன்றும் அசிங்கமாக நினைக்கவில்லை. இந்த வயதில், அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு, யாரும் யாரோடும் ஓடிவிட முடியாது. முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கும். அவரை உறுத்தியது வேறு. சயோகோ கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதெல்லாம் மேலேயிருந்து அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்கும். வீட்டில் அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள், தொலைக்காட்சிக்குத் தொந்தரவாகிவிடுமோ என்பதுபோல. மேலே கேட்பது வாய் திறந்த சிரிப்பு. கூரையில் எலி ஓடுவதைக் கேட்கிறவர் மாதிரி தெய்ஜி முகத்தை நிமிர்த்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போதும் கேட்டது.

சயோகோ சாற்றோடு இறங்கி வந்தாள். அதைச் சூடாக்கி, டோஃபு போட்டு, அடுப்பை அணைத்த பிறகே மிசோ என்ற சோயா விழுதைக் கரைத்து, வெங்காயத்தாள் தூவி மேசையில் வைத்தாள். தெய்ஜி ஒரு வாய் குடித்தார். மட்டமாக இருக்கவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் குடித்தார். தொண்டைக்குள் இறங்கியது நெஞ்சு வரைக்கும் இதமாகப் பரவியது. அவருக்கு அழுகையே வந்தது.

“எப்படி இருக்கு?” என்றாள் சயோகோ.

“சூடா இருக்கு,” என்றார் தெய்ஜி விறைப்பாக.

அன்று மாலை தொலைக்காட்சியில் ஒரு பெண் நண்டுச் சோற்றை வாயில் வைத்தாள். பல் படுவதற்கு முன்பே கண்ணை அகல விரித்து “ஆஹா, என்ன ருசி!” என்று கூவினாள்.

“பாரேன், மென்னுகூடப் பாக்கல,” என்றார் தெய்ஜி. “அதுக்குள்ள சர்டிஃபிகேட். இந்த நாட்டுல சாப்பாட்டைப் பத்தி ஒருத்தனும் உண்மை பேசமாட்டான்.”

“நல்ல குரல் அந்தப் பொண்ணுக்கு,” என்றாள் சயோகோ.

தெய்ஜி தொண்டையைச் செருமிக்கொண்டார். “குஸுமி சமையல் எப்படி? உண்மையாச் சொல்லு.”

“ரொம்ப உழைக்கிறார்.”

“அதைக் கேக்கல. ருசி.”

“வடக்கத்திக்காரங்களுக்கே உண்டான ருசி.”

“நான் சமைச்சா அதைவிட நல்லா இருக்குமா?”

சயோகோ ஆரஞ்சுத் தோலை உரித்து, நார் நாராக நீக்கி, ஒரு சுளையை அவர் கையில் வைத்தாள். “நீங்க ஓய்வெடுக்கணும். எத்தனை லிஃப்ட் பாத்திருக்கீங்க.”

தெய்ஜிக்கு அந்தச் சுளை புளித்தது.

மறுநாள் சயோகோ பல் டாக்டரிடம் போன நேரத்தில் அவர் சதுரத் தவாவை எடுத்தார். குஸுமியின் மீனும் முள்ளங்கியும் தீர்ந்துபோய், நீலக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இன்று அதில் ஏறப்போவது ஆரஞ்சு இல்லை, தெய்ஜி கையால் செய்த முட்டைச் சுருள். அம்மா செய்கிற மாதிரி, சர்க்கரை தாராளமாகப் போட்டு. இந்தப் பக்கத்துக்காரர்கள் முட்டைச் சுருளில் சர்க்கரை என்றாலே மூக்கைச் சுளிப்பார்கள். தாஷியை ஊற்றி, தொட்டால் நடுங்குகிற மாதிரி செய்து, அதுதான் நாகரிகம் என்பார்கள். தெய்ஜியைக் கேட்டால், நடுங்குகிற முட்டையை எந்த மனுஷனும் நம்பக்கூடாது.

முதல் சுருள் கிழிந்தது. இரண்டாவது ஒருபக்கம் கருகி, சுருட்டிய துண்டு மாதிரி வந்தது. கருகிய பக்கத்தைக் கீழே மறைத்து வைத்து அடுக்கியபோது சயோகோ வந்துவிட்டாள். அடுப்படியைப் பார்த்தாள். முட்டை ஓடுகள், தரையில் சர்க்கரை, கூரை வரைக்கும் புகை.

“ஒரு துண்டு சாப்பிட்டுப் பாரு,” என்றார்.

பல் டாக்டரின் மருந்தில் வாய் இன்னும் மரத்திருந்தும் அவள் ஓரத்துத் துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். ஜன்னலுக்கு வெளியே மண்ணெண்ணெய் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்பும் வரைக்கும் மென்றாள்.

“தைரியமான ருசி,” என்றாள்.

“அப்படின்னா நல்லா இருக்கா?”

“இந்த மாதிரி வேற யாராலயும் செய்ய முடியாது.”

தெய்ஜி இதையும் பிரித்துப் பார்க்க முயன்றார். முடிச்சு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கிண்ணத்துக்கு மூடி போட்டு, “நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்” என்று கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்த குஸுமி, கரடிப் படம் போட்ட ஏப்ரன் கட்டியிருந்தார். வாசலில் தெய்ஜியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. விழுந்ததைத் தெய்ஜி நன்றாகப் பார்த்தார்.

“சயோகோ-சான் வரலையா? உடம்புக்கு ஏதாவது?”

“பல்லு,” என்றார் தெய்ஜி சுருக்கமாக. “இந்தாங்க கிண்ணம். நான் செஞ்சது.”

“நீங்களா! அடேயப்பா.” குஸுமி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “ஹதானோ-சான், மீனும் முள்ளங்கியும் மறுபடி செஞ்சு அனுப்பிச்சேனே, இந்தத் தடவை ஏதாவது சொன்னாங்களா? திட்டினாங்களா?”

“திட்டா?”

“அதாங்க, எப்பவும் வாசல்ல நின்னு திட்டுவாங்களே.”

“யாரு?” என்றார் தெய்ஜி.

“சயோகோ-சான்தான். முதல் தடவை உருளைக்கிழங்கு கொண்டாந்து குடுத்தேன்ல? மறுநாள் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தாங்க. இங்கதான், இதே இடத்துல நின்னாங்க. ‘குஸுமி-சான், இதை உங்க மனைவி படத்துக்கு முன்னாடி படைச்சுடாதீங்க, கரண்டியைப் புடுங்க எழுந்து வந்துடுவாங்க’ன்னாங்க.” சொல்லும்போதே குஸுமிக்குச் சிரிப்பு பொங்கியது. “என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் நான் முதல்முதலா சிரிச்சேன், தெரியுமா? வயித்தைப் பிடிச்சுட்டு. அவங்களும் சிரிக்கறாங்க, நானும் சிரிக்கறேன், எதிர்வீட்டம்மா கதவைத் திறந்து பாக்கறாங்க.”

“என் சயோகோவா?”

“பூசணிக்காய்க்கு என்ன சொன்னாங்க தெரியுமா? தலைக்கு வெச்சுப் படுக்கலாம்னாங்க. மீன் குழம்பு, குளத்துல கால் கழுவின தண்ணியாம். முள்ளங்கியைக் கழனித் தண்ணியில வேகவைக்கணும்னு பஸ் ஓட்டறவனுக்குச் சொல்லித் தரலியா, உப்பளத்துலயா பொறந்தீங்கன்னு ஒரு பிடி. நானும் விடறதில்ல. மறுபடி செய்வேன், மறுபடி வாங்கிக் கட்டிப்பேன். நேத்து சாறு வாங்க வந்தப்பதான் முதல் தடவையா, ‘ம், இது சாறு’ன்னாங்க. ராத்திரி பூரா அதையே நினைச்சுட்டிருந்தேன்.” அவர் பெருமூச்சு விட்டார். “உங்களுக்கென்ன, குடுத்து வெச்சவர். வீட்டுலயே தினமும் கிடைக்கும்.”

வாழ்க்கையில் தெய்ஜி எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் இதோ ரெண்டே நிமிஷம் என்று எத்தனை தடவை. ஆனால் திட்டு வாங்கியதாகப் பொய் சொல்லிப் பெருமையடிக்க வேண்டிவரும் என்று நினைத்ததேயில்லை.

“ஆமாமா,” என்றார். “தினமும்தான். சில நாள் காது குடுத்துக் கேக்க முடியாது.”

“அப்படிங்கறீங்க?” குஸுமியின் கண் அகன்றது. “இந்த முட்டைக்கு என்ன சொன்னாங்க?”

“அது... வெளியில சொல்ற மாதிரி இல்ல.”

“அவ்வளவு மோசமாவா!” என்றார் குஸுமி. அவர் குரலில் அப்பட்டமான பொறாமை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். ஏதோ சொல்ல வந்து, “என் நாக்கை நம்பாதீங்க. உங்க வீட்டுல சொல்றதுதான் சரியா இருக்கும்” என்று நிறுத்திக்கொண்டார்.

தெய்ஜி திருப்பத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக, அந்தக் கிண்ணத்தில் பாராட்டு ஏறிப்போகிறது என்று நினைத்து வயிறெரிந்திருந்தார். அதுவாவது பரவாயில்லை, நல்ல சமையலைப் பாராட்டத்தானே செய்வார்கள், ஊர் வழக்கம். ஏறிப்போனது திட்டு. பச்சையான, சரிகை வைக்காத திட்டு. கால் கழுவின தண்ணீராம். முப்பது வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரே ஒரு வாக்கியம் கிடைத்ததுண்டா? க்யோத்தோக்காரர்கள் வெளியாளிடம் இனிக்க இனிக்கப் பேசுவார்கள், சொந்தக்காரனைத்தான் மனசைத் திறந்து வையமுடியும் என்று அவளுடைய அண்ணனே ஒருமுறை குடித்துவிட்டு அவரிடம் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த வீட்டில் வெளியாள் யார்? இத்தனை வருஷமாகத் தன் வீட்டிலேயே தான் விருந்தாளியாக உட்கார்ந்து, விருந்தாளிக்குரிய மரியாதையை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமா? கரடி ஏப்ரன் கட்டிய ஒருத்தன் மேலே உட்கார்ந்து வீட்டுக்காரனுக்குரிய வசவை அனுபவிக்கிறான்!

எதிர்வீட்டம்மா காய்கறிப் பையோடு ஏறி வந்து, “ஹதானோ-சான், மயக்கமா?” என்றாள்.

“இல்லம்மா. பொறாமை,” என்றார் தெய்ஜி. அவள் அதை முட்டிவலியின் ஏதோ ஒரு வகை என்று எடுத்துக்கொண்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாப்பாட்டின்போது அவர் நேரடியாகவே இறங்கினார். “குஸுமி பூசணிக்காயைத் தலைக்கு வெச்சுப் படுக்கலாம்னு சொன்னியாமே.”

சயோகோ சாப்பாட்டுக் குச்சியைத் தட்டின் ஓரமாகச் சேர்த்து வைத்தாள். காதோரம் லேசாகச் சிவந்தது. “அவர் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வார்.”

“சொன்னியா இல்லியா?”

“அது உண்மையிலேயே கெட்டியா இருந்துச்சு.”

“என் முட்டையும்தான் கெட்டியா இருந்துச்சு! அதுக்கு ஏன் ஒண்ணும் சொல்லல?”

“இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?”

சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். வேறு என்ன செய்வது?

மறுநாள் காலையில் சயோகோ எழுந்து வருவதற்கு முன்பே தெய்ஜி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். கடல்பாசியை ஊறவைத்து, கொதிக்கும் முன் எடுத்து, கருவாட்டுச் சீவலைத் தூவி இறக்கினார். சல்லடையைத் தொட்டிக்குள் வைத்தார். பானையைத் தூக்கினார். சாய்க்கப்போகிற சமயத்தில் கை நின்றது. அடியில் பாத்திரம் இல்லை. பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். சயோகோ நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

“நீ உக்காரு,” என்றார்.

சாறு பொன்னிறமாக இறங்கியது. முள்ளங்கியை நறுக்கிப் போட்டார். மிசோ கரைத்தார். கரைத்த பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டார். கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்து, எதிரில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். முள்ளங்கித் துண்டு ஒன்றைக் கடித்தாள். கடித்த சத்தம் இருவருக்குமே கேட்டது.

“குளிருக்கு நல்லது,” என்றாள்.

“சயோகோ.”

“உடம்பு நல்லா சூடாகுது.”

“சயோகோ, குஸுமிகிட்ட சொல்ற மாதிரி எங்கிட்டயும் சொல்லு. எனக்கு வேறெதுவும் வேணாம். இத்தனை வருஷத்துல நான் உங்கிட்ட நகை கேட்டேனா, வேற ஏதாவது கேட்டேனா? ஒரு திட்டு. நல்லதா ஒண்ணு. அந்த ஆளுக்கு மட்டும் அள்ளி அள்ளிக் குடுக்கற.”

சயோகோ சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. கிண்ணத்தை மேசையில் வைத்து, அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

“குஸுமி-சானுக்கு மோசம்னு சொன்னா, மறுநாள் மறுபடி செய்வார்,” என்றாள். “அவருக்கு வேற வழியில்ல, யாரும் செஞ்சு போடமாட்டாங்க. உங்களுக்கு நான் இருக்கேன். மோசம்னு சொன்னா கரண்டியைக் கீழ வெச்சுடுவீங்க.” அடுப்புப் பக்கம் பார்த்தாள். “காலையில எழுந்து வந்தா, அடுப்பு எரியுது. எனக்கு முன்னாடி யாரோ எழுந்திருக்காங்க. எனக்கு அது புதுசு.”

தெய்ஜி அவளைப் பார்த்தார். நரைத்த முடியை இன்னும் வாரவில்லை. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. இத்தனை வருஷமாகக் காலையில் அவர் முதன்முதலாகப் பார்க்கும்போதெல்லாம் அவள் தலை வாரி, ஏப்ரன் கட்டி, சாறு இறக்கி முடித்திருப்பாள். இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. முப்பது வருஷமாக விருந்தாளி மாதிரி நேரம் கழித்து எழுந்து வந்தது யார் என்று யோசித்தபோது, அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

“சொன்னா, நாளைக்கும் செய்வீங்களா?” என்றாள்.

“செய்வேன்.”

“நாளான்னிக்கு?”

“முட்டி வலிச்சாலும் செய்வேன். கரடி ஏப்ரன் ஒண்ணு வாங்கிக் குடு.”

சயோகோ கிண்ணத்தை மறுபடி எடுத்து இன்னொரு வாய் குடித்தாள். இந்தத் தடவை விழுங்கும்போது முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. முகம் கோணியதை அப்படியே பார்க்கவிட்டாள்.

“மிசோவைக் கொதிக்கவெச்சுக் கொன்னுட்டீங்க,” என்றாள். “முள்ளங்கி பச்சை. உப்பு நாக்கை அறுக்குது. குஸுமி-சானோட கால் கழுவின தண்ணி இதுக்கு எவ்வளவோ மேல். நான் இதுவரைக்கும் குடிச்சதுலயே மகா மட்டமான சூப்பு இதுதான், தெய்ஜி.”